பதில் உறுமல்

உறுமி முடித்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை. அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் உறுமல் வந்தது.

டீ மூடியில் விழவில்லை, பேண்ட்டில் விழுந்தது. சுட்டது. சுட்டதுகூட அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

காடு என்றால் புலி உறுமாதா, இதற்குப் போய் இப்படி நடுங்குவானேன் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தீவில் புலி கிடையாது. இருந்ததும் கிடையாது. குரங்கு உண்டு, காட்டுப்பன்றி உண்டு, காலைப் பிடித்தால் லேசில் விடாத அட்டை உண்டு. புலி என்று ஒன்று இருந்ததென்றால் அது மாப்பிள்ளைதான். மாதச் சம்பளம் வாங்கும் புலி.

யாருக்கு மாப்பிள்ளை என்றால், முதலாளிக்கு. முதலாளியின் தங்கையைக் கட்டியவர். முதலாளி "மாப்ள, மாப்ள" என்று கூப்பிடப்போய், படகுக்காரரிலிருந்து சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

முதலாளி செய்தது முகாம் தொழில். பட்டணத்து ஆட்களைப் படகில் தீவுக்குக் கூட்டிவந்து, காட்டு வழியாக நடத்தி, மறுகரையில் கூடாரம் போட்டுத் தங்கவைத்துத் திருப்பி அனுப்புவார். முதலாளியும் அவரே, வழிகாட்டியும் அவரே. ஆரம்பத்தில் வந்தவர்கள் நடந்தார்கள், சாப்பிட்டார்கள், கூடாரத்துக்குள் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். போகும்போது, "ரொம்ப அமைதியா இருந்துச்சுங்க" என்று சொல்லிக் கைகொடுத்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை.

"அமைதி வேணும்னா அவனவன் வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்க மாட்டானா?" என்று முதலாளி ஒருநாள் பொருமினார். "காட்டுக்கு எதுக்கு வர்றான்? பயப்பட வர்றான் மாப்ள. நாமதான் பயத்தைக் காட்டாம அவனை ஏமாத்திக்கிட்டு இருக்கோம்."

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை வீட்டில் சும்மா இருந்தார். அதற்கு முன்னால் ஒரு கோடவுனில் காவலுக்கு நின்றார். எலி ஓடிய சத்தத்தில் இவர் ஓடினார். பிறகு டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கப் போனார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அலறுவதற்கு முன்னால் இவர் அலறினார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் துடைப்பத்தை எடுப்பது மனைவி, கட்டிலின் மேல் நிற்பது இவர்.

"பயத்தைப் பத்தி உனக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கு மாப்ள தெரியும்?" என்று முதலாளி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

தொழில் சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காலி எண்ணெய் டின். அடியில் ஓட்டை போட்டு, அதன் வழியே ஒரு கயிறு. கயிற்றில் தேன்மெழுகு. டின்னை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஈரத்துணியால் கயிற்றைப் பிடித்து மெதுவாக இழுத்தால், புலி உறுமுகிற மாதிரியே சத்தம் வரும். முதல்முறை இழுத்துப் பார்த்த அன்று மாப்பிள்ளையே படகுத்துறை வரை ஓடிவிட்டார். அதுபோக, பழைய செருப்பின் அடியில் ஆணி அடித்த ஒரு மரப்பாதம், மண்ணில் தடம் பதிக்க. மரத்தில் நகக்கீறல் போடத் தோட்டத்து முள்கரண்டி ஒன்று.

அதிசயம் என்னவென்றால், இந்த வேலை அவருக்கு நன்றாக வந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வேலை அவருக்கு வந்தது. கூடாரத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அவரு இப்ப காட்டுல பெரிய பொறுப்புல இருக்காரு" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டு, அன்று முழுக்க அவர் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பொறுப்புக்குத்தான் இன்றைக்குச் சோதனை.

இன்று வந்திருப்பது சாதாரணக் கூட்டம் இல்லை, இரண்டாவது தடவையாக வந்திருக்கும் கூட்டம். அதிகம் பேசாத நாலைந்து பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி தடிக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. கொஞ்ச மாதம் முன்பு அவர்கள் முதல்முறை வந்தபோது மாப்பிள்ளையின் மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாகப் பொங்கித் தின்று, தனியாகப் படுத்து எழுந்த ஏக்கமெல்லாம் அன்றைக்குக் கயிற்றில் இறங்கிவிட்டது. கோபமே இல்லாமல், நீளமாக, கடைசியில் விம்மலோடு முடியும் ஓர் உறுமல் வந்தது. அதைக் கேட்டுத் தடிக்கண்ணாடி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். இப்போது அதே கூட்டம் மறுபடியும் வந்து இறங்கியிருக்கிறது.

"முதல் தடவையா ஒரு கூட்டம் திரும்பி வந்திருக்கு மாப்ள," என்று காலையில் முதலாளி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னைக்கு நீ சொதப்பினா, நாளையிலிருந்து வீட்டுல உட்கார வேண்டியதுதான். என் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிக்க."

கடைசி வாக்கியம்தான் மாப்பிள்ளையை ரொம்ப உலுக்கியது.

சரி, பதில் உறுமலுக்கு வருவோம்.

'எதிரொலி' என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டார். மலை இருக்கிறது, பாறை இருக்கிறது, எதிரொலி இருக்காதா? சோதித்துப் பார்க்கலாம் என்று கயிற்றை ஒரே ஒரு இழுப்பு, சின்னதாக இழுத்தார்.

டின் "ம்ம்" என்றது.

ஓடைக்கு அந்தப் பக்கம், "ஆஆ... ஊஊம்ம்ம்..." என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போயிற்று. கொடுத்ததற்கு மேல் திருப்பிக் கொடுக்கிற எதிரொலி எங்கே இருக்கிறது? இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை உருவினார்.

"மச்சான்! மச்சான்!"

"சொல்லுங்க ஆபீஸ்," என்றது முதலாளியின் குரல். வாடிக்கையாளர்கள் பக்கத்தில் இருந்தால் மாப்பிள்ளை ஆபீஸ் ஆகிவிடுவார்.

"இங்க எனக்குப் பதிலுக்கு ஒண்ணு உறுமுது மச்சான்!"

"ஆமாங்க, நாங்களும் கேட்டோம். பிரமாதம்."

"அது நான் இல்ல!"

"அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம். மழை ஏதும் வருமாங்க?"

"மழையா? மச்சான், நான் என்ன சொல்றேன், நீங்க என்ன..."

கொஞ்ச நேரம் செடிகொடி உரசும் சத்தம். முதலாளி ஒதுங்கி வந்திருக்க வேண்டும். இப்போது குரல் கிசுகிசுத்தது. "ரெண்டாவது டின் எப்ப செஞ்ச? சொல்லவே இல்லியே! ஜோடியாப் போட்டுப் பிச்சு உதறிட்ட மாப்ள. ஆனா ஒரு பய பயப்பட மாட்டேங்கறான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்தம்மா கை வேற தட்டுது. தொழில் படுத்துரும் போலிருக்கு. போன தடவை போட்டியே அந்த அழுகை உறுமல், அதைப் போடு. ஓடைக்குப் பக்கத்துல போய்ப் போடு."

"மச்சான், ஓடைக்கு அந்தப் பக்கம்தான்..."

"தங்கச்சி ரொம்ப சந்தோஷமா இருக்கா மாப்ள. கெடுத்துடாத." கட்.

மாப்பிள்ளை டின்னை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்குப் பளிச்சென்று ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் ஓடை முகத்துவாரத்தில் உட்கார்ந்து கயிற்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கரையில் ஒரு பெரிய படகிலிருந்து பெரிய மரப்பெட்டி ஒன்றை ஆட்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூப்போல இறக்கினார்கள்.

'அட! போட்டிக் கம்பெனி!'

அதேதான். வேறு எவனோ எதிர்க்கரையில் கடை விரிக்கிறான். அவனும் ஒரு புலியை வேலைக்கு வைத்திருக்கிறான். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"யோவ்!" என்று ஓடையைப் பார்த்துக் கத்தினார். "யாருய்யா அது? ஒருத்தன் தொழில் பண்ற இடத்துல வந்து தொழில் பண்றியே, வெக்கமா இல்ல?"

சத்தமில்லை.

"என் மச்சான் யாருன்னு தெரியுமா?"

அந்தப் பக்கத்துப் புதர் கொஞ்சம் அசைந்து நின்றது. பயந்துவிட்டான் என்று தோன்றியது மாப்பிள்ளைக்கு. தன்னைப் பார்த்தும் ஒருவன் பயப்படுகிறான் என்ற நினைப்பே இனித்தது. தொழில் தெரிந்தவன் எப்படி உறுமுவான் என்று காட்டிவிடுவோம் என்று துணியை ஓடைத்தண்ணீரில் நனைத்தார். டின்னை இடுக்கினார். அக்கா வீட்டுக்குப் போன மனைவியை நினைத்துக்கொண்டார். இழுத்தார்.

அந்தி வெளிச்சத்தில் காடே ஒரு கணம் அடங்கிப்போன மாதிரி இருந்தது. அப்படி ஓர் ஏக்கம் அந்த உறுமலில்.

பதில் வந்தது. பாதித் தூரத்திலிருந்து வந்தது. சன்னமாக, குழைந்து, தொண்டைக்குள்ளேயே உருண்டு உருண்டு வந்தது.

மாப்பிள்ளை உண்மையை ஒத்துக்கொள்கிறவர். 'நம்ம டின்னுல இந்த நெளிவு வராதே. பெரிய டின்னா இருக்குமோ?' என்று யோசித்தார். பேசித் தீர்த்துக்கொள்வோம், முடிந்தால் டின் எங்கே வாங்கினான் என்றும் கேட்டுக்கொள்வோம் என்று சாமான்களைத் தூக்கினார். டின் கயிற்றை வழக்கம்போல இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடைக்கரை மணலில் நடந்தார்.

மணலில் மதியம் அவர் பதித்த தடங்கள் அப்படியே இருந்தன. எல்லாம் இடது முன்னங்கால். ஒரு மரப்பாதத்துக்குத்தான் முதலாளி மனசு வைத்தார். "வர்றவன் என்ன புலியோட காலைத் தூக்கித் தூக்கியா பாக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டார். ஆக, அந்தத் தீவின் புலி இடது முன்னங்காலாலேயே குதித்துக் குதித்துப் போகும் புலி.

இப்போது அந்தத் தடம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்னொரு தடம் இருந்தது. இடது, வலது, முன், பின் என்று நான்கும் வேறு வேறாக.

மாப்பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து ரசித்தார். "நாலு அச்சு செஞ்சு குடுத்திருக்கான்யா! முதலாளின்னா அவன் முதலாளி!" என்று வாய்விட்டே சொன்னார். ஒரு தடத்தில் விரல் வைத்தார். ஓர மணல் இன்னும் சரிந்துகொண்டிருந்தது. குழியில் தண்ணீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தார். எதிரில் அவர் முள்கரண்டியால் கீறிய மரம். அவருடைய கீறல் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதற்கு மேலே, அவர் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் புதுக்கீறல். பால் வடிந்துகொண்டிருந்தது.

'ஏணியும் கொண்டு வந்திருக்கானோ?'

அப்போது காற்று திரும்பியது. ஒரு நாற்றம் வந்தது. பச்சை இறைச்சியும் ஈர ரோமமும் மூத்திரமும் கலந்த ஒரு நாற்றம் அவர் முகத்தில் அடித்தது. டின்னுக்குச் செலவு செய்வார்கள், அச்சுக்குச் செலவு செய்வார்கள், ஏணிகூட வாங்குவார்கள். எந்த முதலாளியும் நாற்றத்துக்குச் செலவு செய்ய மாட்டான்.

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை, எலிக்கும் கரப்பானுக்கும் பட்டதெல்லாம் வெறும் விளையாட்டு என்று அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது.

பக்கத்திலிருந்த மரத்தைக் கட்டிப்பிடித்தார். ஏறினார். எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஏற ஏற, இடுப்புக் கயிறு கீழ்க்கிளையில் உரசியது. அந்தரத்தில் தொங்கிய டின், "ஊஊம்ம்" என்றது.

"ஆஆ... ஊம்ம்," என்றது புதர், வெகு அருகில்.

அவர் பதறிப்போய் இன்னும் வேகமாக ஏறினார். டின் இன்னும் உற்சாகமாக உறுமியது. பதிலும் உற்சாகமாக வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாயைப் பொத்தி என்ன பண்ண, உறுமுவது இடுப்பல்லவா? அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்துவிட்டார். டின் கிளைக்குக் கிளை மோதி, காடு முழுக்கக் கேட்கும்படி முழங்கிக்கொண்டு தரைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதர் விலகியது.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். மூட வரவில்லை. மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு, தட்டுத்தட்டாகப் பாதம். வந்தது, நின்றது, டின்னை மோந்து பார்த்தது. சுற்றிலும் யாரையோ தேடியது. பிறகு டின்மேல் கன்னத்தை வைத்துத் தேய்த்தது. மல்லாந்து படுத்து நாலு காலாலும் டின்னைக் கட்டிக்கொண்டது. தேன்மெழுகை நக்கியது.

இதுதான் நேரம் என்று வாக்கி டாக்கி உயிர்பெற்றது.

"ஆபீஸ்! ஆபீஸ்! கடைசியா இன்னொண்ணு கேட்டா நல்லா இருக்குமேன்னு எல்லாரும் ஆசைப்படறாங்க!"

அடித்துப் பிடித்து அதை அணைத்தார். தாமதம். புலி தலையைத் தூக்கி மேலே பார்த்தது. மாப்பிள்ளை கீழே பார்த்தார். 'அவரு காட்டுல பெரிய பொறுப்புல இருந்தாரு' என்று மனைவி பக்கத்து வீட்டில் அழுதுகொண்டே சொல்வது அவர் காதில் கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளிடம் காலையில் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்று வருந்தினார்.

"போயிடு ராசா," என்று கெஞ்சினார். "நல்ல ராசால்ல? சிங்கக்குட்டியில்ல? போயிடுப்பா."

புலி அவர் குரலைக் கேட்டு மூக்கால் "புஃப், புஃப்" என்றது. காதை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தது. பிறகு கயிற்றை வாயில் கவ்வியது. டின்னை இழுத்துக்கொண்டு நடந்தது. டின் முனகியபோதெல்லாம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி இழுத்துக்கொண்டு புதருக்குள் போயிற்று.

மாப்பிள்ளை மரத்திலிருந்து இறங்கவில்லை, வழுக்கினார். நெஞ்சுத் தோல் பாதி மரத்தோடு போயிற்று. முகாமை நோக்கி ஓடினார்.

வாடிக்கையாளர் கண்ணில் புலி படவே கூடாது என்பது கம்பெனியின் முதல் சட்டம். சட்டமாவது ஒன்றாவது. கூடாரத்துக்கு முன்னால் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கிழிந்த சட்டையோடு அவர்கள் நடுவில் போய் விழுந்தார்.

"புலி! நிஜப் புலி!"

முதலாளிக்கு முகம் செத்துப்போனது. "இவர் நம்ம ஆபீஸ்காரர்ங்க. வெயில்ல நின்னு நின்னு..." என்று அசடு வழிந்துகொண்டே, மாப்பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கெடுத்தியே மாப்ள! என் வாயில மண்ணைப் போட்டியே!"

"மச்சான், சத்தியமாப் புலி. என் கண்ணால பார்த்தேன்."

"இந்தத் தீவுல புலி இல்லைன்னு என்னைவிட யாருக்குய்யா தெரியும்? புலியைக் கொண்டுவந்து வச்சவனே நான்தானே! நாளைக்கு முதல் படகுல வீட்டுக்குப் போ. உனக்கும் எனக்கும் இருக்கற வேலைச் சங்காத்தம் இதோட..."

காட்டிலிருந்து உறுமல் வந்தது. நீளமாக வந்தது. கூடவே டின் முனகும் சத்தமும் வந்தது.

முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் வெறுங்கையைப் பார்த்தார்.

"டின் எங்க?"

"அதுகிட்ட."

"எதுகிட்ட?"

மாப்பிள்ளை காட்டைக் கையால் காட்டினார். முதலாளி மெதுவாக அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் கைகோத்தபடியே நெருப்புக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாரும் எழுந்திரிங்க! சாமானெல்லாம் கிடக்கட்டும், படகுக்கு ஓடுங்க!" என்று முதலாளி கத்தினார். கத்தலில் பாதி காற்றுத்தான் வந்தது.

ஒருத்தரும் அசையவில்லை. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. ஓர் ஆள் மூக்கை உறிஞ்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தடிக்கண்ணாடி அம்மா எழுந்து வந்து, மாப்பிள்ளையின் கையில் சூடாக ஒரு டம்ளர் டீயைத் திணித்துவிட்டுச் சொன்னார்கள்:

"பயப்படாதீங்க தம்பி, நாங்க வனவிலங்குகளைப் பாத்துக்கற ஆளுங்கதான், போன தடவை வந்தப்ப இந்தத் தீவுல ஒத்தையா கிடக்கற ஆம்பளைப் புலி துணைக்கு ஏங்கி ஏங்கி அழுததைக் கேட்டுட்டு எங்க யாருக்கும் மனசு தாங்கல, அதான் எங்கெங்கயோ அலைஞ்சு, அதுக்கு ஒரு நல்ல பொண்ணாப் பாத்து, போன வாரம் படகுல கொண்டுவந்து இறக்கி விட்டோம்."